பாகம்

கப்பலின் மூக்கில் நிற்பதுதான் என் வேலை.
சிவப்பு வெள்ளையாய் வளையம் பூசிய மூங்கில்.
குத்து. எடு. ஆழம் சொல்.
ரங்கூன் துறையிலிருந்து பத்தேன் வரை
மூன்று இரவு.

எனக்குப் பின்னால் இருபத்திரண்டு அறை,
அறைக்கொரு குளியல் தொட்டி,
தொட்டி விளிம்பில் ரோஜா இதழ்
தினமும் புதிதாக.
கேப்டன் ஊ டின் லேயிடம் கருவி இருக்கிறது.
ஆகாயத்தாமரைக் கொத்தைக் கண்டாலும்
தரை என்று கூவும்.
அதனால் எனக்குச் சம்பளம்.

சட்டைப் பட்டையில் ஆங் மின்.
கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் சந்தியாகு.
தண்ணீருக்கு இரண்டும் தேவையில்லை.

துவாந்தே கால்வாயில் பானை வாங்கினார்கள்.
மாவுபினில் குழந்தைகளைப் படமெடுத்தார்கள்.
இரண்டாம் ராத்திரி
ஏற்றத்தைத் தவறவிட்டால்
விடியும்வரை சேற்றில் உட்காரவேண்டும் என்பதால்
இருட்டிலேயே போனோம்.

பதினோராம் அறை அம்மாள்
தூக்கம் பிடிக்காமல் வந்து நின்றாள்.
கப்பல் கொடுத்த வெள்ளை அங்கி
அவள் உயரத்துக்கு ஒரு முழம் மிச்சம்;
தளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தது.

கேப்டனுக்குப் பர்மிய மொழியில் கத்துவேன்.
கத்துமுன் வாய்க்குள் ஒருமுறை:
ஒண்ணே முக்கால். ரெண்டு. ஒண்ணரை.
காலையும் அரையையும்
வேறு பாஷையில் நம்பிப் பழக்கமில்லை.

'தமிழா?' என்றாள்.
'கம்புக்கு' என்றேன்.

சேலத்தில் தணிக்கை பார்த்தவளாம்.
முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில்
ஓட்டை தேடியிருக்கிறாள்.
ஓய்வுப் பணத்தில் ஒரு துண்டை உடைத்து
யாரையும் கேட்காமல் வந்துவிட்டாள்.
கும்பகோணத்தில் ஏதோ கல்யாணம் என்று
மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.

'அடியில் என்ன இருக்கு?'
'சேறு.'
'சேறு மட்டுமா?'

சேற்றிலும் தினுசு உண்டு, சொன்னேன்.
களி கம்பைப் பிடித்தால் விடாது.
பிடித்துக்கொண்டே நின்றால்
கப்பல் போய்விடும், நாம் ஆற்றில் இருப்போம்.
வண்டல் சத்தமில்லாமல் வழிவிடும்.
மணல், கற்கண்டைக் கடித்தமாதிரி.

எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்,
அறையில் வைத்த மதுப் பட்டியலின் பின்புறத்தில்.
சமையல்கட்டில் நாளைய இறாலை உரிக்கிற வாசனை.

போகலே கிளை பிரியுமிடம்.
குத்தினேன்.

டங்.

மெல்லிய சத்தம்தான்,
எவர்சில்வர் தட்டு கைதவறினமாதிரி.
இரண்டாம் முறை குத்தவில்லை.
அது கூரை.
புயலடித்த வருஷம் வரை
இங்கே தண்ணீரில்லை, கரை.
கரைமேல் நெல் மில்,
மில்லுக்கு எதிரே பிராஞ்சேஸ் நடத்திய ஐஸ் கடை.
எனக்கு மூன்று ரூபாய் பாக்கி வைத்திருந்தான்;
இல்லை, நான்தான் அவனுக்கு.

'ஒண்ணேகால்.'
கேப்டனுக்கும் அதையே கத்தினேன்.
எஞ்சின் மாறாமல் ஓடியது.

அறைகளில் வைத்த வழவழத்தாளில்
'மனிதக் கால் படாத நீர்வெளி' என்றிருக்கும்.
சரிதான்.
கால் படாது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அங்கியின் நாடாவை இறுக்கிக்கொண்டாள்,
குளிர் இல்லாத ராத்திரியில்.

பத்தேனில் வரிசையாக இறங்கினார்கள்,
வண்ணக்குடையும் ஈரத்துண்டும் வாங்கிக்கொண்டு.
பதினோராம் அறை உறையைப்
பணியாள் என்னிடம் தந்தான்.
நோட்டுகள். கூடவே அந்தத் தாள்.

நான் வாய்க்குள் சொன்னதெல்லாம்
ஒன்றன்கீழ் ஒன்றாக, அவள் கையெழுத்தில்.
கால், அரை, முக்கால் பிசகாமல்
கீழே கோடு போட்டுக் கூட்டியிருந்தாள்:
நாற்பத்தாறேகால் பாகம்.
எந்த ஆற்றிலும் இல்லாத ஆழம்.

ஓரிடத்தில் மட்டும்,
ஒரு ஒண்ணேகாலுக்குப் பக்கத்தில்,
சிறிதாய்ச் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி.

தாளை மடித்துப் பட்டைக்குப் பின்னால் வைத்தேன்.
இறக்கம் தொடங்கிவிட்டது.
கம்பைக் கழுவவேண்டும்.
சாயங்காலம் புது ஆட்கள்.